திரும்பிக் கப்பலேறியவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் என்னைப் பிடித்தபோது நழுவத்தான் பார்த்தேன். பிராஜெக்ட் ரிப்போர்ட்டே பாதியில் நிற்கிறது, இதில் கட்டுரை வேறயா? விடவில்லை. கவிதை எழுதலாம் என்றால் நம் கல்லூரியில் கவிஞர்களுக்குப் பஞ்சமே கிடையாது! ஆகவே ஒரு வருடமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் ஒரு மனிதரைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பெயர் டீட்ரிச் போன்ஹோபர். ஜெர்மனிக்காரர். பாதிரியார். ஹிட்லரின் ஆட்களால் 39 வயதில் தூக்கிலிடப்பட்டவர்.

பாதிரியாருக்கும் பாலிடெக்னிக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த மனிதர் சிறையிலிருந்து தப்புவதற்காக வீட்டார் ரகசியமாக அனுப்பிய உடுப்பு ஒரு மெக்கானிக் உடுப்பு! நாம் வொர்க்‌ஷாப்பில் மாட்டிக்கொண்டு அலுத்துக்கொள்கிறோமே, ஏறக்குறைய அது மாதிரிதான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1906 பிப்ரவரி 4ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். (அந்த ஊர் இப்போது போலந்தில் இருக்கிறது.) எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடு. இவரும் தங்கை சபீனாவும் இரட்டையர். அப்பா பெரிய மனநல மருத்துவர். வீட்டில் கோயிலுக்குப் போகிற வழக்கம் அவ்வளவாக இல்லை. முதல் உலகப் போரில் அண்ணன் வால்டர் செத்துப்போனபோது இவருக்கு 12 வயது. பிறகு இறையியல் படிக்கப் போகிறேன் என்றதும் அண்ணன்மார்கள் கேலி செய்தார்களாம். 21 வயதில் டாக்டர் பட்டம்! நாம் அந்த வயதில் எம்-2 அரியர் எழுதிக்கொண்டிருக்கிறோம். சரி, விடுங்கள்.

1930இல் மேல்படிப்புக்காக நியூயார்க் போனார். அங்கே ஒரு கறுப்பின நண்பர் அவரை ஹார்லெம் பகுதியிலிருந்த அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்காரர்களின் நாகரிகமான கோயில்களில் கிடைக்காத ஒன்று, நசுக்கப்பட்டவர்கள் கூடிப் பாடிய அந்தக் கோயிலில் அவருக்குக் கிடைத்தது. ஒரு நாட்டில் தோலின் நிறத்தை வைத்து மனிதர்களை எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதையும் நேரில் பார்த்தார். ஊர் திரும்பிய ஒன்றரை வருடத்தில் அவருடைய சொந்த நாட்டிலேயே அது நடக்க ஆரம்பித்தது.

1933 ஜனவரி 30ஆம் தேதி ஹிட்லர் பதவிக்கு வந்தார். இரண்டே நாளில், தலைவன் என்பவன் தன்னையே சாமியாக்கிக்கொண்டால் ஜனங்களைக் கெடுத்துவிடுவான் என்ற கருத்தில் போன்ஹோபர் வானொலியில் பேசினார். பேச்சு முடிவதற்குள் ஒலிபரப்பு நின்றுவிட்டது. ஏப்ரல் முதல் தேதி யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாஜிகள் வாசலில் காவல் நின்றார்கள். போன்ஹோபரின் பாட்டிக்கு அப்போது 90 வயது. அந்தக் கிழவி காவல்காரர்களைச் சட்டை பண்ணாமல் நடுவே நடந்து உள்ளே போய், வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த ஆள் இந்தப் பாட்டிதான்!

ஆனால் பேரன்? இங்கேதான் நண்பர்களே, நான் முதலில் தடுக்கி விழுந்தேன்.

சபீனாவின் கணவர் யூத வம்சத்தில் பிறந்தவர். அதே ஏப்ரல் மாதத்தில் அவருடைய அப்பா காலமானார். அவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். அடக்க ஆராதனையை நீங்கள் நடத்தித் தர வேண்டும் என்று குடும்பத்தார் போன்ஹோபரைக் கேட்டார்கள். அவர் மேலதிகாரியைக் கலந்தார். இந்த நேரத்தில் வேண்டாம் என்று அவர் சொல்ல, இவரும் சரி என்று ஒதுங்கிவிட்டார். ஆமாம், பின்னாளில் உலகமே இரத்தசாட்சி என்று கொண்டாடும் அதே போன்ஹோபர்தான். சொந்தத் தங்கையின் மாமனாருக்கு! சில மாதங்கள் கழித்து, அன்றைக்கு எனக்கு ஏன் அப்படி ஒரு பயம் வந்தது என்று வெட்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டு அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

பெரியவர்களின் வரலாறு என்றால் தொட்டிலிலேயே வீரமாக இருந்தார்கள் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்டிருந்தால் நான் பாதியில் மூடி வைத்திருப்பேன். இந்த ஒரு கடிதம்தான் என்னை மேலே படிக்க வைத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஃபர்ஸ்ட் இயரில் வொர்க்‌ஷாப் பிராக்டிகல். நானும் என் பேட்ச் மேட்டும் ஒரே லேத். டூல் ரூம் ரிஜிஸ்டரில் எங்கள் இருவருக்குமாக அவன்தான் கையெழுத்துப் போட்டு வெர்னியர் காலிபர் வாங்கி வந்தான். அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம் நான் அதைக் கீழே போட்டு, ஜா வளைந்துபோயிற்று. பயத்தில் சுருள் கிடந்த ஸ்கிராப் பெட்டிக்குள் தள்ளிவிட்டேன். திருப்பிக் கொடுக்கும் நேரம் காலிபர் இல்லை. கையெழுத்து அவனுடையது. திருட்டுப் பட்டமும் அவனுக்கே. 800 ரூபாய் கட்டினான். அவன் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலில் பாவ அறிக்கை சொல்லும்போது கண்ணை மூடி ஆண்டவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனசு லேசாகிவிட்டது. மத்தியானம் ஹாஸ்டலில் சிக்கன் பிரியாணி. நன்றாகவே சாப்பிட்டேன்.

போன்ஹோபர் 1937இல் வெளியிட்ட புத்தகத்தின் பெயரைத் தமிழில் சீஷத்துவம் என்று சொல்லலாம். கிறிஸ்தவரல்லாத நண்பர்களுக்காக: சீஷன் என்றால் குருவின் பின்னால் நடப்பவன். அந்தப் புத்தகம் மலிவான கிருபை, விலையுள்ள கிருபை என்று இரண்டைப் பிரித்துக் காட்டுகிறது. செய்ததைச் சரி செய்யாமல், திரும்பி நடக்காமல், மன்னிப்பை மட்டும் கடைச் சரக்கு மாதிரி வாங்கிக்கொண்டு போவது மலிவானது. அதைப் படித்தபோது என் பிரியாணி நினைவுக்கு வந்தது.

அந்தப் புத்தகம் மேஜையில் உட்கார்ந்து சொகுசாக எழுதப்பட்டதில்லை. ஜெர்மன் சபைக்குள்ளேயே பாதிப்பேர் ஸ்வஸ்திகா கொடியைப் பலிபீடத்தின் பக்கத்தில் நட்டு வைத்த காலம் அது. யூத வம்சத்தில் பிறந்தவர்கள் போதகராக இருக்கக்கூடாது என்று சபையே சட்டம் போட்டது. அதை எதிர்த்தவர்கள் 1934 மே மாதம் பார்மன் என்ற ஊரில் கூடி, சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே என்று அறிக்கை விட்டுத் தனியே நின்றார்கள். அவர்களுக்காக ஃபின்கன்வால்டே என்ற இடத்தில் 1935 முதல் போன்ஹோபர் ஒரு சிறிய குருமடத்தை நடத்தினார். அதற்கு முன்னால் இந்தியாவுக்கு வந்து காந்தியிடம் சில காலம் தங்கி, அகிம்சை வழியில் எதிர்ப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் அவர் ஆசைப்பட்டார். 1934 நவம்பரில் காந்தி அவரை வரச் சொல்லிக் கடிதமும் எழுதினார். குருமடப் பொறுப்பு வந்துவிட்டதால் பயணம் நின்றது. வந்திருந்தால் வரலாறு எப்படிப் போயிருக்குமோ என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. 1937இல் ரகசியப் போலீசான கெஸ்டபோ அந்தக் குருமடத்தை இழுத்து மூடியது. வருட முடிவுக்குள் அவருடைய பழைய மாணவர்கள் 27 பேர் சிறைக்குப் போய் வந்திருந்தார்கள். படிப்பு முடிந்தால் வேலை என்று நாம் இருக்கிறோம். அவர்களுக்குப் படிப்பு முடிந்தால் ஜெயில்.

1938இல் சபீனாவின் குடும்பம் எல்லை தாண்டி இங்கிலாந்துக்குத் தப்பியது. 1939இல் போர் நெருங்கியது. போன்ஹோபரின் வயதுக்காரர்களுக்குப் பட்டாள அழைப்பு வரப்போகிறது. ஹிட்லருக்காகத் துப்பாக்கி தூக்க அவரால் முடியாது. மறுத்தால் மரண தண்டனை. நண்பர்கள் ஓடியாடி அமெரிக்காவில் அவருக்கு வேலை ஏற்பாடு செய்தார்கள். ஜூன் 12ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கினார்.

பிழைத்தாகிவிட்டது, இல்லையா? நல்ல அறை, புத்தகங்கள், மதிப்பான வேலை, மரியாதையான மனிதர்கள். ஆனால் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரிலிருந்து கடிதம் வராத நாள் எல்லாம் நரகம். தெருத்தெருவாக நடக்கிறார். நாட்குறிப்பில் தன்னையே நோண்டி நோண்டிக் கேள்வி கேட்கிறார். வந்து எட்டே நாளில், ஜூன் 20ஆம் தேதி, வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் ஜனத்தின் துன்பத்தில் பங்கு பெறாதவனுக்குப் போர் முடிந்தபின் அங்கே போய்ச் சபையைக் கட்டி எழுப்புவதில் என்ன உரிமை இருக்கிறது? தன்னை அழைத்த அமெரிக்கப் பேராசிரியருக்கு அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான். ஜூலை 7ஆம் தேதி இரவு கப்பலேறினார். ஜெர்மனியை விட்டு ஓட வழியில்லாமல் ஆயிரக்கணக்கானோர் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் உள்ளே போகிற கப்பலில் ஏறினார்!

இதைப் படித்த ராத்திரி நான் ஹாஸ்டல் மொட்டை மாடிக்குப் போய்ப் பேட்ச் மேட்டுக்கு போன் போட்டேன். காலிபர் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் அவன் பேசவே இல்லை. பிறகு, அது தனக்கு அன்றைக்கே தெரியும் என்றான். ஸ்கிராப் பெட்டியைக் காலி பண்ணும்போது அவன்தான் முதலில் அதைப் பார்த்தானாம். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீயே சொல்வாய் என்று இருந்தேன் என்றான். மறுநாள் காலையில் இருவரும் இன்ஸ்ட்ரக்டர் முன்னால் போய் நின்றோம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

திரும்பி வந்த போன்ஹோபர் பிரசங்கம் மட்டும் செய்துகொண்டிருக்கவில்லை. பேசத் தடை, எழுதத் தடை. அக்காள் கணவர் டோனானி ராணுவ உளவுத் துறையில் இருந்துகொண்டே ஹிட்லரை ஒழிக்கும் சதியில் ஈடுபட்டிருந்தார். அவர் மூலமாக இவரும் அதே துறையில் சேர்ந்தார். வெளியே உளவாளி வேஷம், உள்ளே சதிக்காரர்களின் தூதர். அந்தத் துறையை வைத்தே யூதர்கள் உட்பட 14 பேரை உளவாளிகள் என்று கணக்குக் காட்டி 1942இல் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். அதே வருடம் ஸ்வீடனுக்குப் போய், இங்கிலாந்துப் பேராயர் பெல் அவர்களிடம் சதியில் இருந்தவர்களின் பெயர்களைக் கொடுத்து உதவி கேட்டார். இங்கிலாந்து அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காந்தியிடம் வர நினைத்தவர் ஒரு கொலைத் திட்டத்துக்குத் துணை போகலாமா? நியாயமான கேள்வி. எங்கள் அறையில் இதற்காக விடிய விடியச் சண்டையே நடந்தது. தான் செய்வது புண்ணியம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. கை கறைபடும் என்று தெரிந்தே, அந்தக் குற்றத்தின் பாரத்தையும் கடவுள் முன்னால் சுமக்க ஒப்புக்கொண்டார். சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒதுங்கி நிற்பதும் பாவம்தான் என்பது அவர் முடிவு. என் ரூம் மேட் இதை இன்னும் ஏற்கவில்லை. எனக்கோ, ஒதுங்கி நின்றவன் என்ற முறையில், அவர் சொல்வது புரிகிறது.

1943 ஜனவரியில் மரியா என்ற 18 வயதுப் பெண்ணுடன் நிச்சயம் ஆயிற்று. ஏப்ரல் 5ஆம் தேதி, பெர்லினில் பெற்றோர் வீட்டில் வைத்து அவரைக் கைது செய்தார்கள். டேகல் சிறை, 92ஆம் எண் அறை. பக்கத்தில் போர்சிக் ரயில் எஞ்சின் தொழிற்சாலை. அதைக் குறிவைத்து நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசும்போதெல்லாம் சிறையும் குலுங்கும். வீட்டிலிருந்து வரும் புத்தகங்களில் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி, சில பக்கங்களுக்கு ஓர் எழுத்தின் கீழ் பென்சிலால் லேசாகப் புள்ளி வைத்திருப்பார்கள். கோர்த்துப் படித்தால் ரகசியச் செய்தி! விசாரணையில் இருதரப்பும் ஒரே பதிலைச் சொல்ல இதுதான் வழி.

1944 ஜூலை 20ஆம் தேதி ஹிட்லருக்கு வைத்த குண்டு வெடித்தும் ஆள் பிழைத்துவிட்டான். இனி தனக்கும் தப்ப வழியில்லை என்று போன்ஹோபருக்குத் தெரிந்துவிட்டது. அவர்மேல் பிரியம் வைத்திருந்த ஒரு சிறைக்காவலர், தானும் கூடவே ஓடிவிடத் தயார் என்றார். திட்டம் எளிது. மெக்கானிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு, வேலை முடிந்து போகிற ஆள் மாதிரி காவலருடன் வாசல் வழியாக நடந்து போய்விடுவது. செப்டம்பர் 24ஆம் தேதி அக்காள் குடும்பத்தார் உடுப்பையும் பணத்தையும் ரேஷன் சீட்டுகளையும் காவலரிடம் சேர்த்துவிட்டார்கள். இன்னும் சில நாள் பொறுத்தால் போதும்.

அக்டோபர் முதல் தேதி அண்ணன் கிளவுஸ் கைதானார். இப்போது தான் ஓடினால் கெஸ்டபோ அண்ணனையும் அப்பா அம்மாவையும் மரியாவையும் சும்மா விடுமா? வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த உடுப்பை அவர் போட்டுக்கொள்ளவே இல்லை.

நியூயார்க்கில் ஒரு முறை, டேகலில் ஒரு முறை. இரண்டு தடவை கதவு திறந்திருந்தது.

அதற்குப் பிறகு கெஸ்டபோ தலைமையகத்தின் நிலவறை. 1945 பிப்ரவரியில் எங்கே கொண்டுபோனார்கள் என்று வீட்டாருக்கே தெரியாமல் புகன்வால்ட் முகாம். அவரைத் தேடி மரியா கம்பளி உடுப்புகளைச் சுமந்துகொண்டு ஃப்ளாசன்பர்க் முகாம் வரை கடும் குளிரில் கால்நடையாகப் போனாள். அங்கே அவர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போது உண்மையிலேயே அவர் அங்கே இல்லை. (இந்த மரியா பிற்காலத்தில் அமெரிக்கா போய்க் கணிதம் படித்துக் கம்ப்யூட்டர் துறையில் பெரிய பொறுப்புக்கு வந்தார். கம்ப்யூட்டர் பிரிவுத் தோழியர்கள் கவனிக்க!)

ஏப்ரல் 3ஆம் தேதி இரவு கைதிகளை ஒரு மூடிய லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். பெட்ரோல் இல்லாத காலம். லாரி விறகு எரிவாயுவில் ஓடியது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் புகைக்குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே விறகுக் குவியலுக்கு நடுவே கைதிகள், ஒரே புகை. நடுவழியில் ஸ்டியரிங் உடைந்து ராத்திரி முழுக்க மழையில் நின்றது. வேறொரு பஸ் வந்து ஷோன்பர்க் என்ற கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவர்களைக் கொண்டு சேர்த்தது.

ஏப்ரல் 8, ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஆராதனை நடத்தும்படி சக கைதிகள் கேட்டார்கள். போன்ஹோபர் தயங்கினார். காரணம் என்ன தெரியுமா? கைதிகளில் ஒருவர் சோவியத் நாட்டு அதிகாரி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர்மேல் இதைத் திணிக்கக்கூடாது என்பதற்காக! அந்த நாத்திகரே நடத்துங்கள் என்று சொன்ன பிறகுதான் ஆரம்பித்தார். அன்றைய வேதபாடங்கள் ஏசாயா 53ஆம் அதிகாரத்திலிருந்தும் முதலாம் பேதுரு முதல் அதிகாரத்திலிருந்தும் வந்தவை. ஒன்று பிறருக்காகக் காயப்பட்டவனைப் பற்றியது. மற்றது கிறிஸ்து உயிர்த்தெழுந்ததால் பிறக்கும் நம்பிக்கையைப் பற்றியது. மரணத்தின் வாசலில் நின்ற ஒரு கூட்டத்துக்கு வேறு எந்த வசனம் வேண்டும்?

ஜெபத்தை முடித்த கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. இரண்டு பேர் வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பாட்டுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கூட இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம், பேராயர் பெல்லுக்குச் சொல்லும்படி ஒரு செய்தி கொடுத்தார். இதைத் தான் முடிவாக நினைக்கவில்லை, ஆரம்பமாகவே நினைக்கிறேன் என்பது அதன் கருத்து. 1933இல் ஒரு சவ அடக்கத்துக்குப் போகப் பயந்தவர் இவர்தான். ஈஸ்டரை வருடத்துக்கு ஒரு நாள் கேக்கோடு கொண்டாடிப் பழகிய எனக்கு, உயிர்த்தெழுதல் என்ற சொல்லுக்கு இவ்வளவு கனம் உண்டு என்பது இந்த இடத்தில்தான் உறைத்தது.

அன்றிரவே ஃப்ளாசன்பர்க்கில் விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. வக்கீல் கிடையாது. தீர்ப்புச் சொல்ல வந்த நீதிபதி ரயில் போகாத கடைசி 20 கிலோமீட்டரைச் சைக்கிள் மிதித்து வந்து சேர்ந்தார். அவ்வளவு அவசரம்! மறுநாள், 1945 ஏப்ரல் 9 விடியற்காலையில், உளவுத் துறைத் தலைவராக இருந்த கனாரிஸ் உள்ளிட்டோரோடு போன்ஹோபரும் தூக்கிலிடப்பட்டார். முகாம் மருத்துவர் பல வருடம் கழித்து எழுதிய உருக்கமான வர்ணனை ஒன்று பல புத்தகங்களில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பத் தயங்குகிறார்கள். ஆகவே நானும் விட்டுவிடுகிறேன். உடலை எரித்துவிட்டார்கள். கல்லறை கிடையாது. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 23ஆம் தேதி, அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. ஏப்ரல் 30இல் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டான். சைக்கிளில் வந்த நீதிபதியை 1956இல் மேற்கு ஜெர்மன் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது. போன்ஹோபர்மேல் போட்ட தீர்ப்பு செல்லாது என்று பெர்லின் நீதிமன்றம் சொல்ல 1996 வரை ஆயிற்று.

அவர் மட்டுமில்லை. அண்ணன் கிளவுஸ், டோனானி, இன்னொரு அக்காள் கணவர் ஷ்லைகர் ஆகிய மூவரும் அதே ஏப்ரலில் கொல்லப்பட்டார்கள். ஒரு வீட்டில் நான்கு பேர்.

பெற்றோருக்குக் கடைசி மகனின் கதி உறுதியாகத் தெரியாமலே வாரங்கள் ஓடின. தபால் இல்லை, போன் இல்லை, நகரமே இடிபாடு. ஜூலை 27ஆம் தேதி லண்டனில் ஒரு கோயிலில் நினைவு ஆராதனை. நடத்தியவர் பேராயர் பெல். சபையில் ஒருத்தியாகச் சபீனா உட்கார்ந்திருந்தாள். பி.பி.சி. அதை ஒலிபரப்பியது. பெர்லினில், மகனைக் கைது செய்துகொண்டு போன அதே வீட்டில், 77 வயது அப்பாவும் அம்மாவும் ரேடியோவைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த பாட்டும் ஜெபமும் அந்த அறையில் ஒலித்தன. யாருக்காக அந்த ஆராதனை நடக்கிறது என்று ரேடியோ சொன்னது.